இரண்டாம் இருக்கைக்கு வந்த எண்

இந்தக் கதை ஒரு பல் மருத்துவரின் நாற்காலியில் கிடைத்தது. கிடைத்தபோது இது கதையாகவும் இல்லை. மாணவர் சிறப்பிதழுக்காக 'பள்ளிக் கணிதப் போட்டியில் தகுதி பெறப் பத்து வழிகள்' என்று இரண்டு பக்கக் கட்டுரை கேட்டிருந்தார் துணை ஆசிரியர். எனக்கும் கணக்குக்கும் ஏழாம் பொருத்தம் என்றேன்.

"அதனால என்ன சார்? போன மாசம் சமையல் குறிப்பு எழுதினீங்க. உங்களுக்கு வெந்நீர் வைக்கத் தெரியுமா?"

 ஒப்புக்கொண்டேன். அதே வாரம் கடைவாய்ப் பல் ஒன்று உயிரை எடுத்தது. வேர் சிகிச்சை, மூன்று தவணை என்றார் மருத்துவர். என்ன எழுதிக்கொண்டிருக்கிறீர்கள் என்று பேச்சுக்குக் கேட்டார். சொன்னேன். அவர் முகம் மாறியது.

"நான் ஸ்கூல்ல அந்தப் போட்டிக்குப் போயிருக்கேன் சார். மூணு பேர் டீம். என் பேரு அப்போ வக்கீல்."

"ஏன் வக்கீல்?"

"எதுக்கெடுத்தாலும் வாதாடுவேன். வாயைத் திறங்க."

அதன்பின் அவர் பேசினார், நான் திறந்திருந்தேன். எழுத்தாளனைக் குறுக்குக் கேள்வி கேட்கவிடாமல் கதை சொல்லும் வசதி உலகத்தில் பல் மருத்துவர்களுக்கு மட்டும்தான் உண்டு. எனவே இதிலுள்ள இடைவெளிகளை நானே இட்டு நிரப்பியிருக்கிறேன். பூச்சு எங்கே தெரிகிறது என்று நீங்கள் கண்டுபிடித்துவிடுவீர்கள்.

வழி 1

தெரிந்ததை முதலில் போடுங்கள். கேள்வித்தாள் எளிதில் தொடங்கிக் கடினத்தில் முடியும். முன்பாதியைப் பிழையில்லாமல் முடிப்பவர்களே பெரும்பாலும் தகுதி பெறுகிறார்கள். பின்பாதியில் வீரம் காட்டப் போய், முன்பாதியில் கூட்டலைக் கோட்டைவிட்டவர்கள்தான் வெளியே வந்து தலையில் அடித்துக்கொள்கிறார்கள்.

இதுவரை கட்டுரை ஒழுங்காக வந்தது. இந்த இடத்தில் ஓர் உதாரணம் இருந்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன். உதாரணத்துக்கு ஒரு பெண்ணை உட்காரவைத்தேன். அவள் எழுந்திருக்கவே இல்லை. கட்டுரை எழுந்து போய்விட்டது.

அவள் பெயர் ஆமை. பள்ளியில் வைத்த பெயர். எந்தக் கணக்கையும் ஒருமுறை போட்டு, பிறகு வேறொரு வழியில் போட்டு, இரண்டும் ஒன்றாக வந்தால்தான் விடையை எழுதுவாள். எழுதிய விடை தவறியதாக யாருக்கும் நினைவில்லை. எழுதி முடித்ததாகவும் யாருக்கும் நினைவில்லை. தனிநபர் சுற்றில் இரண்டு ஆண்டு முயன்றாள். இரண்டு முறையும் தாள் பாதி காலியாக இருக்கும்போதே மணி அடித்துவிட்டது. இது பள்ளியில் அவளுக்குக் கடைசி ஆண்டு.

வழி 2

விட்டுவிடக் கற்றுக்கொள்ளுங்கள். ஒரு கேள்வி வழிவிடவில்லை என்றால்

[இந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. மருத்துவர் சொன்ன ஒரு பேச்சு நினைவுக்கு வந்தது. அது இதைவிட நன்றாக இருக்கிறது.]

ஆமைக்கு ஒரு தங்கை. இரண்டு வகுப்பு கீழே படித்தாள். அவசரக்குடுக்கை என்று வீட்டில் அழைக்கத் தொடங்கி, பள்ளிக்கு வந்து சேர்வதற்குள் பெயரே அவசரப்பட்டுப் பாதியாகி, குடுக்கை என்று நின்றுவிட்டது. சாப்பாட்டு மேசையில் இரண்டு பேரும் பழைய கேள்வித்தாளை நடுவில் போட்டுக்கொண்டு உட்கார்வார்கள். இன்றைய மருத்துவரான வக்கீலும் அங்கேதான் இருப்பாள். அவள் வீட்டில் டிவி சத்தம்.

"அக்கா, ஏழாவது வரலேன்னா எட்டாவதுக்குப் போயேன்."

"ஏழாவது அங்கேயே நிக்குதே."

"நிக்கட்டுமே. அதுக்கென்ன கால் வலிக்கப்போகுதா?"

"பாதியில விட்டுட்டுப் போனா மனசு கேக்க மாட்டேங்குதுடி."

"மனசுக்கு மார்க் இல்ல அக்கா!"

அறைக்கு வெளியே துணி மடித்துக்கொண்டிருந்த அம்மா, "ஏன்டி அவளை விரட்டறே? அவ போடறது ஒண்ணாவது உருப்படியா இருக்கு. நீ போன பரீட்சையில வட்டத்துக்கு நாலு மூலைன்னு எழுதிட்டு வந்தவ" என்றாள்.

"அது சதுரம்னு படிச்சுட்டேன்மா."

"படிச்சியா, பாத்தியா?"



வழி 3

உங்களுக்கு ஏற்ற சுற்றைத் தேர்ந்தெடுங்கள். தனிநபர் சுற்றில் கரைசேராதவர்கள் குழுச் சுற்றில் சேரலாம். குழுச் சுற்றில் ரிலே என்று ஒன்று உண்டு. கதை முழுக்க அதன்மேல் நிற்பதால், கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

மூன்று பேர் ஒருவர் பின் ஒருவராக உட்கார வேண்டும். ஆளுக்கு ஒரு கேள்வி. முதல் இருக்கைக்காரர் தன் விடையை ஒரு சீட்டில் எழுதிப் பின்னால் நீட்டுவார். இரண்டாம் இருக்கைக்காரரின் கேள்வியில் ஓரிடத்தில் 'உனக்கு வரும் எண்' என்று இருக்கும். சீட்டில் வந்த எண்ணை அங்கே போட்டு, தன் விடையைக் கண்டுபிடித்து, அவரும் பின்னால் நீட்டுவார். மூன்றாமவர் அதே போல் முடித்துக் கையைத் தூக்குவார். அவர் விடை ஒன்றுதான் திருத்தப்படும். பேசக் கூடாது, திரும்பக் கூடாது, முன்னால் இருப்பவரின் கேள்வியைப் பார்க்கக் கூடாது. விடையை மாற்ற நினைத்தால் இன்னொரு சீட்டு அனுப்பலாம். ஆறு நிமிடம்.*

* இதை மருத்துவர் எனக்குப் பஞ்சு, கண்ணாடி, இடுக்கி மூன்றையும் தட்டில் வரிசையாக வைத்து விளக்கினார். பஞ்சுதான் ஆமை.

வழி 4

இருக்கையைச் சரியாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

கணக்கு மிஸ் முதலில் ஆமையைக் குழுவிலேயே போடவில்லை. வேகமாகப் போடும் வேறொரு மாணவி இருந்தாள். குடுக்கை நேராகப் போய், "அக்கா இல்லேன்னா நானும் இல்ல மிஸ்" என்றாள். யோசித்துச் சொன்னாளா என்று கேட்காதீர்கள். அவள் எதை யோசித்துச் சொன்னாள்? மிஸ் விட்டுக்கொடுத்தார். ஆமை முதல் இருக்கை, குடுக்கை இரண்டாவது, வக்கீல் மூன்றாவது.

பயிற்சியில் ஒரே கூத்து. ஆமை ஆறாவது நிமிடம் வரை அசைய மாட்டாள். அதற்குள் குடுக்கை, வரப்போகும் எண்ணைத் தானே யூகித்து, விடைமேல் விடையாகப் பின்னால் தள்ளிக்கொண்டிருப்பாள்.

"இது பதிலா, பஸ் டிக்கெட்டா?" என்று வக்கீல் கத்துவாள். "நாலு சீட்டு வந்திருக்கு. நான் எந்த பஸ்ல ஏறட்டும்?"

"கடைசியா வந்ததுல ஏறு."

"அப்ப முன்னாடி வந்த மூணும்?"

"அதெல்லாம் சும்மா, உனக்குப் பேச்சுத் துணைக்கு."

கடைசியாக வரும் சீட்டே செல்லும் என்று மூவரும் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். அதோடு குடுக்கை அக்காவை விரட்டத் தொடங்கினாள். பல் தேய்க்கும்போது, செருப்பு மாட்டும்போது, மாடிப்படி ஏறும்போது. "சீக்கிரம் அக்கா. ஒரு தடவை போட்டாப் போதும் அக்கா. என்னை நம்பு, உனக்குத் தப்பே வராது." ஆமை எல்லாவற்றுக்கும் சரி சரி என்று தலையாட்டினாள். பயிற்சியில் எதுவும் மாறவில்லை.

வழி 5

(பத்து வழி கேட்டிருக்கிறார்கள். ஐந்தாவது எனக்குக் கிடைக்கவில்லை. நன்றாகத் தூங்குங்கள், பென்சிலைச் சீவி வையுங்கள் என்று எழுதலாம். அது உங்களுக்கே தெரியும்.)

வழி 6

காத்திருக்கும் நேரத்தில் சும்மா இருக்காதீர்கள். எண் வருவதற்கு முன் செய்ய முடிந்ததை எல்லாம் செய்து வையுங்கள். வந்ததும் போட்டு முடிக்கலாம். இதுதான் ரிலேயின் தலையாய உத்தி. இதுதான் அன்றைக்கு வினையாகவும் வந்தது.

இந்தக் காட்சிக்கு நான் எழுதிய முதல் தொடக்கம்:

'வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. குடுக்கையின் உள்ளங்கை வியர்த்தது. அவள் கண்களில்

இரண்டாம் தவணையில் இதைப் படித்துக் காட்டினேன். "மழையெல்லாம் இல்ல சார். அவ கண்ணுல ஒண்ணும் இல்ல. எனக்கு அவ பின்மண்டைதான் தெரிஞ்சுது" என்றார் மருத்துவர். அடித்துவிட்டேன். பின்மண்டையிலிருந்து தொடங்குகிறேன்.

குடுக்கை ரிப்பனை அவசரத்தில் கட்டியதால் ஒரு பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது. அவளுக்கு முன்னால் ஆமை, குனிந்த தலை நிமிராமல். நீளமான கூடம், நெருக்கமாக மேசைகள், வேறு வேறு பள்ளிப் பிள்ளைகள். அதற்கு முந்தைய சுற்றுகளின் மதிப்பெண்ணைக் கூட்டிப் பார்த்து மிஸ் சொல்லியிருந்தார்: "இந்த ரிலே சரியா வந்தா இறுதிச் சுற்று. வரலேன்னா வீடு." குடுக்கைக்கும் வக்கீலுக்கும் அடுத்த ஆண்டு இருக்கிறது. ஆமைக்கு இல்லை. அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. காலையிலிருந்து மூன்று பேரும் அதைச் சொல்லாமல் இருப்பதிலேயே களைத்துப் போயிருந்தார்கள்.

மணி அடித்தது. குடுக்கை தன் கேள்வியைத் திருப்பினாள்.

'ஒரு செவ்வகத்தின் ஒரு பக்கம், உனக்கு வரும் எண். அதன் மூலைவிட்டம் 13. பரப்பளவு என்ன?'

அவள் உதட்டோரம் சிரிப்பு வந்திருக்கும். (பின்மண்டையில் சிரிப்பு தெரியாது. இது என் பூச்சு.) ஐந்து, பன்னிரண்டு, பதின்மூன்று. செங்கோண முக்கோணம் படித்த எல்லோருக்கும் இந்த மூன்றும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். மூலைவிட்டம் பதின்மூன்று என்றால், ஒரு பக்கம் ஐந்து, மறுபக்கம் பன்னிரண்டு. அக்காவிடமிருந்து ஐந்து வரலாம், பன்னிரண்டும் வரலாம். எது வந்தால் என்ன? ஐந்தைப் பன்னிரண்டால் பெருக்கினாலும் அறுபது, பன்னிரண்டை ஐந்தால் பெருக்கினாலும் அறுபது. அக்கா தன் கணக்கை முடிக்கவே வேண்டாம்! ஆமை ஆறு நிமிடம் தூங்கலாம்!

அறுபது என்று எழுதிப் பின்னால் நீட்டினாள். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

இவளைப் பற்றி எனக்கு இங்கே ஒரு சந்தேகம் வந்தது. இவ்வளவு கெட்டிக்காரி, கொஞ்சம் பொறுத்திருக்கக் கூடாதா என்று மருத்துவரிடம் கேட்டேன். வாயில் உறிஞ்சுகுழாய் இருந்ததால் 'ஆ ஊ' என்றுதான் கேட்டது. அவருக்குப் புரிந்துவிட்டது. "அது தப்பே இல்ல சார். நான் இருந்தாலும் அனுப்பியிருப்பேன். அவ்வளவு அழகா இருந்துச்சு" என்றார்.

வக்கீல் அறுபதை வைத்துத் தன் கணக்கை முடித்தாள். கையைத் தூக்கப் போனாள். அதற்குள் முன்னால் ஏதோ அசைந்தது.

ஆமையின் கை பின்னால் வந்தது. அதில் சீட்டு.

மணியைப் பார்த்தாள் குடுக்கை. பாதி நேரம்கூடப் போகவில்லை. பயிற்சியில் ஒரு நாளும் இப்படி நடந்ததில்லை. சீட்டை வாங்கிப் பிரித்தாள். ஐந்து இல்லை. பன்னிரண்டும் இல்லை.

11.

வழி 7

சந்தேகம் வந்தால்

சந்தேகம் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. குடுக்கைக்கும் தெரியவில்லை. பேனாவைக் கடித்தாள்.

பதினொன்றை வைத்துப் போட்டால் மறுபக்கம் முழு எண்ணாக வரவில்லை. பரப்பளவு நாற்பத்து நான்கு ரூட் மூன்று என்று வந்தது. அவலட்சணம் என்றும் சொல்ல முடியாது, அழகு என்றும் சொல்ல முடியாது. போட்டியில் இப்படியும் விடை வரும். வராமலும் போகும்.

கேள்வி எழுதுகிறவர்கள் சாதாரண ஆட்களா? இரண்டாம் இருக்கையில் ஒரு அவசரக்குடுக்கை உட்கார்ந்திருப்பாள், பதின்மூன்றைப் பார்த்ததும் துள்ளுவாள் என்று தெரிந்தே தூண்டிலைப் போட்டிருக்கலாம். அப்படியானால் பதினொன்று சரி. அல்லது அக்கா பன்னிரண்டு என்று எழுத வேண்டியதை ஒன்று குறைத்து எழுதியிருக்கலாம். ஒன்று கூடுவதும் குறைவதும் கணக்கில் எல்லோருக்கும் நடப்பதுதான். ஆனால் அக்காவுக்கு நடந்ததில்லையே?

இரண்டு தடவை போட்டால் நடக்காது. இன்றைக்கு எத்தனை தடவை போட்டாள்?

 ஒரு மாதமாக விரட்டியது யார்? ஒரு தடவை போட்டால் போதும் என்று காதில் ஓதியது யார்? சொன்னதைக் கேட்காத அக்காவைக் கூட நம்பிவிடலாம். சொன்னதைக் கேட்டுவிட்ட அக்காவை எப்படி நம்புவது?

முன்னால் இருந்த தோள்களைப் பார்த்தாள்.  ஆமை பேனாவை மூடி மேசையில் வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு, நேரே பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

இந்த இடத்துக்கு நான் இரண்டு வழி எழுதிப் பார்த்தேன்.

(அ) குடுக்கை சீட்டைக் கசக்கிப் பைக்குள் போடுகிறாள். அறுபதே நிற்கிறது. அக்காவுக்குத் தெரியவே தெரியாது. ஜெயித்தால் அக்காவைக் காப்பாற்றிய பெருமை. தோற்றால், "நீ அனுப்பினதை வெச்சுத்தான் அக்கா போட்டேன்" என்று ஒரு பொய். வாசகர்களுக்குப் பிடிக்கும், கடைசி வரியில் ஒரு கண்ணீர் வைக்கலாம்.

(ஆ) குடுக்கை இரண்டாவது சீட்டு அனுப்புகிறாள்.

(அ)வை நான்கு பக்கம் எழுதினேன். நன்றாகவே வந்தது. மருத்துவர் கேட்டுவிட்டு ஊசியைக் கீழே வைத்தார். "எனக்கு ரெண்டாவது சீட்டு வந்துச்சு சார்" என்றார். நான்கு பக்கம் குப்பைக்குப் போயிற்று.

ஆகவே, வந்தது. ஏன் அனுப்பினாள் என்பதை மருத்துவர் அறியமாட்டார். குடுக்கை அதைப் பற்றிப் பேசியதே இல்லையாம். என் பூச்சு இது: அறுபது என்பது, முகம் தெரியாத ஒருவர் எப்படிக் கேள்வி எழுதுவார் என்று அவள் செய்த யூகம். பதினொன்று என்பது, முகம் தெரிந்த ஒருத்தி உட்கார்ந்து போட்ட கணக்கு. அது தப்பாக இருந்தால், அதில் பாதித் தப்பு தன்னுடையது. பாதித் தப்பைக் கசக்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு அக்காவோடு வீட்டுக்கு எப்படிப் போவது?

44√3 என்று எழுதினாள். எழுதிய வேகத்தில் சீட்டு ஓரத்தில் கிழிந்தது. பின்னால் நீட்டினாள்.

வக்கீலின் ஒரு கையில் அறுபது, மறு கையில் இது. "தொண்டை வரைக்கும் வந்துச்சு சார், 'எந்த பஸ்ஸுடி?'ன்னு கேக்க" என்றார் மருத்துவர். கேட்கவில்லை. கடைசியாக வந்ததே செல்லும். முடித்திருந்த கணக்கை அடித்துவிட்டு மறுபடி போட்டாள். மணி அடிக்கும் நேரத்தில் கையைத் தூக்கினாள்.

வழி 8

முடிந்ததைப் பற்றிப் பேசாதீர்கள். யாரும் கேட்காத அறிவுரை. எல்லாப் போட்டியிலும் வெளியே நடைபாதையில் இதுதான் நடக்கிறது.

"வந்துச்சா?" என்றாள் ஆமை.

"வந்துச்சு."

"பதினொண்ணுதானே?"

"ம்."

"அதை வெச்சுத்தான் போட்டியா?"

குடுக்கை வாயைத் திறப்பதற்குள் வக்கீல் முந்திக்கொண்டாள். "முதல்ல அம்மணி தானா ஒண்ணு அனுப்பினாங்க. அறுபதாம். அப்புறம் உன்னோடதை வெச்சு வேற அனுப்பினா."

ஆமை தங்கையைப் பார்த்தாள். "அறுபதா? அவ்வளவு நல்லாவா வந்துச்சு?"

"ரொம்ப நல்லா வந்துச்சு அக்கா."

"அதை விட்டுட்டா என்னோடதைப் போட்டே?"

"ஆமா. நீ எத்தனை தடவை போட்டே? நிஜத்தைச் சொல்லு."

ஆமை சுவரோரம் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தாள்.  பிறகு, "ஒரு தடவைதான்டி" என்றாள். "நீதானே சொன்னே."

நடைபாதைக் கோடியில் கதவு திறந்தது. ஒருவர் தாளும் குண்டூசிகளும் எடுத்துக்கொண்டு அறிவிப்புப் பலகையை நோக்கி நடந்தார். வக்கீல் எழுந்து ஓடினாள். குடுக்கை ஓடவில்லை. அக்கா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். குடுக்கை உட்கார்ந்து காத்திருந்ததை அன்றைக்குத்தான் முதன்முதலில் பார்த்ததாக மருத்துவர் சொன்னார்.

வழி 9

"தகுதி ஆனாங்களா இல்லையா?" என்று தொலைபேசியில் கேட்டார் துணை ஆசிரியர். "பத்து வழி கேட்டேன் சார், என்னையும் பத்திரிகையையும் ஒரு வழி பண்ணிட்டீங்க. முடிவைச் சொல்லுங்க."

முடிவு முதல் இருக்கைக்கு வந்த கேள்வியில் இருக்கிறது. இரண்டாம் இருக்கைக்காரிக்கு அதைப் பார்க்க அனுமதி இல்லை என்பதால் உங்களுக்கும் இதுவரை காட்டவில்லை. மூன்றாம் தவணையில், பல்லுக்குத் தொப்பி மாட்டிவிட்டு, மருத்துவர் அதைச் சொன்னார். நானும் ஒரு விடை சொன்னேன். உதடு மரத்திருந்தது. "கொப்புளிச்சுத் துப்புங்க" என்றார். சரி என்றும் சொல்லவில்லை, தப்பு என்றும் சொல்லவில்லை. கதவு வரை வந்து வழியனுப்பினார்.

இப்போது அது உங்களுக்கு. நீங்கள் போட்டு உங்களுக்குப் பன்னிரண்டு வந்தால், பலகையில் அவர்கள் பள்ளியின் பெயர் இல்லை. வக்கீல் மெதுவாகத் திரும்பி நடந்து வருகிறாள். அவள் சொல்வதற்கு முன்பே அவர்களுக்குத் தெரிந்துவிடுகிறது. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் ஆமை தங்கையைத் தேற்றிக்கொண்டு வருகிறாள்.

பதினொன்று வந்தால், வக்கீல் கத்திக்கொண்டு ஓடிவருகிறாள். நடைபாதையில் எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள். ஒரே தடவை போட்டு, பாதி நேரத்தில் முடித்து, பேனாவை மூடி வைத்தவள் பெஞ்சிலிருந்து எழுந்திருக்கிறாள்.

எத்தனை தடவை போடுவது என்பது உங்கள் விருப்பம்.

ஒரு கட்டடத்தில் தரைத்தளத்துக்கு மேல் பன்னிரண்டு மாடிகள். அதில் ஒரு பழுதான லிஃப்ட். பொத்தானை ஒருமுறை அழுத்தினால் இரண்டு மாடி ஏறி நின்று கதவைத் திறக்கும். உள்ளே இருப்பவர் வெளியே வராவிட்டால் கதவை மூடிக்கொண்டு ஒரு மாடி கீழே வந்து நின்றுவிடும். மறுபடி அழுத்தினால் மறுபடி இரண்டு ஏறும், மறுபடி ஒன்று இறங்கும். ஒருத்தி தரைத்தளத்தில் ஏறியிருக்கிறாள். பன்னிரண்டாம் மாடியில் அவளுக்காக ஒருவர் காத்திருக்கிறார். அவள் எத்தனை முறை பொத்தானை அழுத்த வேண்டும்?